திங்கட்கிழமை இடுப்பு

பிப்ரவரி 11

நாத்தனாரே,

சாப்பிட்டாயா என்று கேட்கப் போவதில்லை. அந்தக் கேள்விக்கு நீ போனில் "ஆச்சு அண்ணி" என்று சொல்லும் வேகம் எனக்குத் தெரியும். நான் கேட்டு முடிப்பதற்குள் பதில் வந்து விழும். அதனால்தான் கடிதம். எழுதுவதென்றால் உனக்குச் சோம்பல். ஒரு பொய்யை உட்கார்ந்து தாளில் எழுத உனக்குப் பொறுமை இருக்காது என்று நம்பித்தான் இந்த வேலையில் இறங்கியிருக்கிறேன்.

முதலில் நம் சண்டை. நான் மன்னிப்புக் கேட்கப் போகிறேன் என்று நினைத்தால் அந்த நினைப்பை விட்டுவிடு. என் பெண் இரண்டாவது தடவை சோறு போட்டுக்கொள்ளக் கை நீட்டினாள். நீ கரண்டியைப் பிடுங்கி வைத்தாய். "போதும் செல்லம், இப்பவே தொப்பை எட்டிப் பாக்குது" என்றாய். அவளுக்குப் பதினோரு வயது. அரை நாள் ஓடி விளையாடிவிட்டு வந்த பிள்ளை. "உன் பட்டினிய என் பொண்ணு தட்டுல பரிமாறாத" என்று நான் கத்தினேன். உன் அண்ணன் தண்ணீர் டம்ளரை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார், அதற்குள் மீன் ஏதோ நீந்துகிற மாதிரி. உன் அம்மா என்ன சொன்னார் என்று ஞாபகம் இருக்கிறதா? "என் பொண்ணு சின்னதுலேர்ந்தே அப்படித்தான், அவ சாப்பிடறதே தெரியாது." அதுவும் எவ்வளவு பெருமையாக. நீ பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டாய்.

நீ போன பிறகு தட்டுகளை எடுத்தேன். உன் தட்டுக்கு அடியில் மடித்த காகிதம். நீ சாப்பிட்டாய் என்று நான் நினைத்ததெல்லாம் அதற்குள் இருந்தது. கத்தியது போதாது என்று அப்போதுதான் தோன்றியது.

இன்னொன்று. இந்த மாதம் என் தையல் கடைக்கு உங்கள் கம்பெனி லேபிள் போட்ட கால்சட்டைகளாக வந்து குவிகின்றன. எல்லாம் மீடியம். எல்லோருக்கும் ஒரே வேலை, இடுப்பைப் பிரித்துப் பெரிதாக்க வேண்டும். உங்கள் ஆட்கள் உள்ளே ஒரு நூல் அகலத் துணிகூட விடவில்லை, கஞ்சப் பிசினாறிகள். நான் பக்கத்தில் வேறு துணி வைத்து ஒட்டுப் போட்டுக் கொடுக்கிறேன். உங்கள் மீடியத்துக்கு என்னதான் ஆயிற்று?

பதில் போடு. திட்டியாவது போடு.

அண்ணி

*

பிப்ரவரி 20

அண்ணி,

நீங்கள் கேட்டபடியே திட்டித்தான் எழுதுகிறேன். என் தட்டுக்கு அடியில் தேட உங்களுக்கு யார் உரிமை கொடுத்தது? வீட்டுக்கு வந்தவளை வேவு பார்ப்பதற்குப் பெயர் அக்கறையா?

என் வேலை என்னவென்று அந்த வீட்டில் யாரும் சரியாகக் கேட்டதில்லை. அம்மா "தையல் கம்பெனி" என்கிறாள். அண்ணன் "எங்க வீட்டு மாடல்" என்று கூட்டாளிகளிடம் சொல்லிச் சிரிக்கிறார். நீங்களாவது கேளுங்கள். நான் ஆறு வருடம் மெஷினில் பாக்கெட் தைத்தேன். ஒருநாள் சூப்பர்வைசர் மேடம் கையில் அளவு அட்டையும் டேப்புமாக வரிசை வரிசையாக நடந்து வந்தார். அட்டையில் உள்ள மார்பு, இடுப்பு, தொடை அளவு மூன்றும் யாருக்கு இருக்கிறது என்று தேடினார். முந்நூறு பேரில் எனக்கு இருந்தது.

அன்றிலிருந்து நான் சாம்பிள் அறையில், ஒரு மரப் பலகை மேல் நிற்கிறேன். புதிதாக வெட்டும் எந்தத் துணியும் முதலில் என் மேல்தான் ஏறும். கட்டிங் மாஸ்டர் குண்டூசி குத்திச் சரிசெய்வார். என் மேல் சரியாக உட்கார்ந்தால் அதுதான் மீடியம். அதிலிருந்து குறைத்து ஸ்மால், கூட்டி லார்ஜ். கம்பெனியில் என் பெயரை யாரும் சொல்வதில்லை. "மீடியம் எங்க?" "மீடியத்தக் கூப்பிடு." எனக்கு அது பிடித்திருக்கிறது. தொலைந்துபோனால்கூட யாரும் தேடாத ஒரு வரிசையிலிருந்து வந்தவள் நான்.

ஒவ்வொரு திங்கட்கிழமையும் மேடம் என்னை அளப்பார். கூடினால் மெஷினுக்குத் திரும்பிப் போக வேண்டும். போன மழைக்காலத்தில் ஒரு திங்கட்கிழமை, இடுப்பு கிட்டத்தட்ட ஓர் இஞ்ச் கூடியிருந்தது. "என்ன மீடியம், வீட்ல நல்ல சாப்பாடா? லார்ஜ் ஆகப் பாக்குறியா?" என்று மேடம் கேட்டார். அறையே சிரித்தது. நானும் சிரித்தேன். அதற்கப்புறம் ஜாக்கிரதையாக இருக்கிறேன், அவ்வளவுதான். இப்போது குறைவாகத்தான் இருக்கிறேன், அதில் யாருக்கும் புகார் இல்லை. "கொறஞ்சா ஊசி குத்திக்கலாம், கூடினாத்தான் தலவலி" என்பார் கட்டிங் மாஸ்டர்.

நீங்கள் பட்டினி என்கிறீர்கள். நான் தொழில் என்கிறேன். உங்களுக்குக் கத்தரி எப்படியோ எனக்கு இடுப்பு அப்படி. தீட்டி வைத்துக்கொள்கிறேன்.

செல்லத்திடம் நான் சொன்னது அன்பில் சொன்னது. அந்த வயதில் எனக்கும் அப்படித்தான் சொன்னார்கள். நான் ஒன்றும் செத்துப்போகவில்லையே.

உங்கள் நாத்தனார்

*

மார்ச் 1

நாத்தனாரே,

செத்துப்போகவில்லையே என்று எழுதியிருக்கிறாய். அந்த வரியை மட்டும் நான் உன் அண்ணனுக்குப் படித்துக் காட்டவில்லை.

உன் கடிதத்தைப் படித்த பிறகு ஒரு காரியம் செய்தேன். ஒரு வாடிக்கையாளரிடம் போன வருடத்து மீடியம் இருந்தது. இன்னொருத்தியுடையது இந்த வருடத்தியது. அதே லேபிள், அதே எழுத்து. இரண்டையும் தையல் பிரித்து வெட்டு மேசையில் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டேன். இடுப்பில் மூன்று விரல் வித்தியாசம். அடியே, அந்தத் துணி உன் மேல் ஊசி குத்தியல்லவா வெட்டியது? சண்டை போட்ட அன்றைக்கு நீ தொளதொளவென்று ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வந்து என் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டாய். இந்த மேசையில் தூவ முடியவில்லை.

அந்தக் கால்சட்டையோடு வருகிற பெண்கள் என்ன சொல்கிறார்கள் தெரியுமா? ஒரு கண்டக்டர், ஒரு பள்ளிக்கூட டீச்சர், போன மாதம் குழந்தை பெற்ற ஒரு தபால்காரி. ஆளுக்கு ஆள் ஒரே பாட்டு. "நான்தான் பெருத்துட்டேன் போல." தபால்காரி, "இனிமே ராத்திரி சாப்பாட்ட நிறுத்திடணும்" என்றாள். மார்பில் பால் கட்டி நிற்கிறது, அவள் சாப்பாட்டை நிறுத்தப் போகிறாளாம். துணி சின்னதாகிவிட்டது என்று ஒருத்திகூடச் சொல்லவில்லை. ஆண்களுக்குச் சட்டை இறுக்கமானால் என்ன சொல்வார்கள்? "என்னங்க துணி இது, சுருங்கிப்போச்சு" என்று என் மேல் பாய்வார்கள்.

தீட்டி வைத்திருக்கிறாயாம் இடுப்பை. நீ அங்கே ஒரு வேளை சோற்றைக் காகிதத்தில் மடித்தால், இங்கே எனக்குத் தெரியாத ஊர்களில் எல்லாம் எத்தனை பேர் உடை மாற்றும் அறையில் வயிற்றை எக்கிக்கொண்டு நிற்கிறார்கள் என்று யோசி.

இப்போது ஒரு தையல்காரியாகக் கேட்கிறேன். அந்த மழைக்காலத் திங்கட்கிழமை உன்னை எந்த டேப்பில் அளந்தார்கள்? முந்தைய வாரம் அளந்த அதே டேப்பா? துணி டேப் இழுபடும். நாளாக நாளாக நீண்டுபோய், அளவைக் குறைத்துக் காட்டும். நான் வருடத்துக்கு ஒன்றைத் தூக்கி எறிகிறேன். நீ பார்த்துச் சொல். இரும்பு ஸ்கேல் வைத்துப் பார்.

செல்லம் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோகும் டப்பாவைத் திறக்காமலே திரும்பக் கொண்டு வருகிறாள். நேற்று என் டேப்பை எடுத்து வயிற்றில் சுற்றிக்கொண்டு ஸ்டூல் மேல் ஏறி நின்றாள். என்னடி என்றேன். "நானும் அத்தை மாதிரி மீடியம் ஆகணும்மா." இதற்கு நான் என்ன பதில் சொல்ல வேண்டும், நீயே எழுது.

அண்ணி

*

மார்ச் 8

அண்ணி,

பார்த்தேன்.

பழைய டேப் கட்டிங் மாஸ்டரின் ஆணியில் இன்னும் தொங்குகிறது. மூட்டை கட்ட வைத்திருக்கிறார். இரும்பு ஸ்கேல் மேல் நீட்டி வைத்தேன். நீங்கள் சொன்னது சரி. புது டேப் எந்த வாரம் வந்தது என்று மாஸ்டரிடம் கேட்டேன். அந்த மழைக்கால வாரம்தான். அதற்கு முன் என் இடுப்பு எப்போதுமே அந்த ஓர் இஞ்சோடுதான் இருந்திருக்கிறது. நான் கூடவே இல்லை.

ஆனால் நான் எழுத உட்கார்ந்தது அதற்காக இல்லை. "ஏன் மாஸ்டர் மாத்தினீங்க?" என்று கேட்டேன். "பழசு இழுபட்டுப் போச்சும்மா, எல்லாருக்கும் தெரியுமே" என்றார். எல்லாருக்கும் தெரியும், அண்ணி. மேடத்துக்குத் தெரியும், அவர்தான் கையெழுத்துப் போட்டு வாங்கினார். டேப் கெட்டுவிட்டது என்று தெரிந்துதான் புதிது வாங்கினார்கள். புது டேப்பில் எண் மாறியதும் ஒருவருக்கும் பழைய டேப் நினைவுக்கு வரவில்லை. இவள் பெருத்துவிட்டாள் என்பதுதான் எல்லோருக்கும் உடனே தோன்றியது. எனக்கும் அதுதான் தோன்றியது.

சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்தேன். நேராகக் கேன்டீனுக்குப் போனேன். தட்டு நிறைய வாங்கிக்கொண்டு உட்கார்ந்தேன். கை வாய்க்குப் போகவில்லை. யாரோ மணிக்கட்டைப் பிடித்துக்கொண்ட மாதிரி இருந்தது. மணி அடித்து எல்லோரும் எழுந்து போன பிறகும் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

தலைமுடி கொத்துக் கொத்தாக வருகிறது. வெயிலில்கூடக் குளிர்கிறது. மாதவிடாய் நின்று பல மாதம் ஆகிறது. யாரிடமும் சொன்னதில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது, அண்ணி.

*

மார்ச் 27

கண்ணு,

உன்னை அந்தக் கட்டிலில் விட்டுவிட்டு வீடு வந்து சேர்ந்தேன். கை ஓடவில்லை. பொத்தானுக்குக் காஜா எடுக்க உட்கார்ந்தேன், கோணிக்கொண்டு போயிற்று. பிரித்துப் போட்டுவிட்டு எழுதுகிறேன்.

உங்கள் கம்பெனியிலிருந்து போன் செய்தவன், "பலகை மேலருந்து விழுந்துட்டாங்க, லேசான மயக்கம்தான்" என்றான். லேசான மயக்கத்துக்கு எந்த ஆஸ்பத்திரியில் நெஞ்சில் ஒயர் மாட்டி வைக்கிறார்கள்? டாக்டரம்மா பூசி மெழுகவில்லை. "இன்னும் கொஞ்ச நாள் போயிருந்தா ஆளு கிடைச்சிருக்க மாட்டாங்க" என்று என் முகத்தைப் பார்த்துச் சொன்னார். நீ தூங்கிக்கொண்டிருந்தாய். உன் கை போர்வைக்கு வெளியே கிடந்தது. அதை எடுத்து உள்ளே வைக்கும்போது எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தக் கட்டிலையே புரட்டிப் போட்டிருப்பேன்.

அப்போது உன் அம்மா டாக்டரம்மாவிடம், "இவ எப்பவும் கொஞ்சமாத்தான் சாப்பிடுவா டாக்டர், ரொம்ப அடக்கம்" என்றார். டாக்டரம்மா எழுதிக்கொண்டிருந்த பேனாவை வைத்துவிட்டு, "நீங்க எப்படிச் சாப்பிடுவீங்கம்மா?" என்று கேட்டார். "எல்லாரும் சாப்ட்ட பெறகு, மிச்சம் இருந்தா." அதையும் அவர் எழுதிக்கொண்டார்.

நான் இந்த வீட்டுக்கு வந்த நாளாக உன் அம்மா தட்டு போட்டு உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. சமையலறையில் நின்றுகொண்டே, பாத்திர மூடியில் எதையாவது போட்டு இரண்டு வாய். அதற்குப் பொறுமை என்று பெயர், பெரிய மனசு என்று பெயர். உன் அண்ணன் ஒரு வேளை சாப்பிடாமல் படுத்தால் வீடே நெற்றியைத் தொட்டுப் பார்க்கும். நீ சாப்பிடாவிட்டால் அடக்கமான பெண். நான் வந்த புதிதில் இரண்டாவது முறை போட்டுச் சாப்பிட்டதற்கு, "வாய்க்கு வஞ்சனையில்லாத மருமக" என்று சொந்தக்காரர்கள் சிரித்தார்கள். அன்றைக்கே மூன்றாவது முறையும் போட்டுக்கொண்டேன். இல்லாவிட்டால் நானும் இன்று உன் பக்கத்துக் கட்டிலில் கிடந்திருப்பேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் முதல் வேலையாக மேசையில் ஒரு நாற்காலி கூடுதலாகப் போட்டேன். உன் அம்மாவைக் கையைப் பிடித்து உட்கார வைத்தேன். "எனக்குப் பழக்கமில்லம்மா" என்று நாற்காலி நுனியில் உட்கார்ந்தார், பல் பிடுங்க வந்தவர் மாதிரி. உன் அண்ணனைப் பரிமாறச் சொன்னேன். கால்வாசியை மேசையில் சிந்தினார், மீதி தட்டுக்குப் போயிற்று. உன் அம்மா குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டார். முடிந்தது என்று நினைத்தேன். மெதுவாக, "இன்னும் கொஞ்சம் போடறியா?" என்றார். அதைக் கேட்பதற்கு அவருக்கு அறுபத்து மூன்று வருடம் ஆகியிருக்கிறது. செல்லம் பாட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவளும் தட்டை நீட்டினாள்.

நீ குணமாகு. மற்றதை அப்புறம் பார்த்துக்கொள்வோம்.

அண்ணி

*

ஏப்ரல் 13

அண்ணி,

இங்கே சாப்பாடு மருந்து மாதிரி நேரத்துக்கு வருகிறது. ஒரு நர்ஸ் எதிரில் உட்கார்ந்து, நான் முடிக்கும்வரை கம்பளி பின்னுகிறாள். சீக்கிரம் என்று சொல்வதில்லை. நான் அழுதால் அழுது முடிக்கும்வரை பின்னுகிறாள். எனக்கு ஒரு வாய் இறங்குவதற்குள் அவளுக்கு ஒரு வரிசை முடிந்துவிடுகிறது.

ஏழு கட்டில், ஏழும் பெண்கள். கோர்ட்டில் குமாஸ்தாவாக இருப்பவள் ஒருத்தி. ஓட்டப் பந்தயக்காரி ஒருத்தி. பேரன் எடுத்த ஓர் அம்மா. கட்டிலில் உட்கார்ந்தபடியே ஒருநாள் பேசிக்கொண்டோம். இங்கே வந்து விழுகிற வரைக்கும் ஏழு பேரையும் யாராவது ஒருவர் பாராட்டிக்கொண்டே இருந்திருக்கிறார்கள். குமாஸ்தாவை அவள் கணவன், ஓட்டக்காரியை அவள் கோச், பாட்டியை ஊரே. நாங்கள் சிரித்த சிரிப்பில் நர்ஸுக்குப் பின்னலில் ஒரு கண்ணி விட்டுப்போயிற்று.

மேடம் வந்தார். ஒரு பை நிறையப் பழம். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். நடிப்பு இல்லை, உண்மையாகவே கண் கலங்கியிருந்தது. "டேப்புதான்மா தப்பு. மாஸ்டர் சொல்லித்தான் எனக்கே உறைச்சுது. உன் மேல ஒரு தப்பும் இல்ல. நீ ஏறவே இல்ல" என்றார். இதைக் கேட்கத்தானே அந்த மழைக்காலத்திலிருந்து ஏங்கினேன்? கேட்டதும் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"டேப் சரியா இருந்திருந்தா மேடம்?" என்றேன்.

"என்ன கேக்குற?"

"நான் நெஜமாவே ஒரு இஞ்ச் ஏறியிருந்தா, நான் இப்படிக் கெடக்குறது சரியா?"

அவர் பழத்தை எடுத்து மேசையில் அடுக்கினார். எனக்கு விடுதலைத் தீர்ப்பு கொண்டு வந்திருக்கிறார், அண்ணி. நிரபராதி, பெருக்கவில்லை என்று. பெருத்திருந்தால் குற்றவாளியா நான்? ஒரு பெண் போன மழைக்காலத்தைவிட இந்த மழைக்காலத்தில் ஓர் இஞ்ச் கூடினால் அதற்கு வழக்கு, விசாரணை, சாட்சி எல்லாம் வேண்டுமா? அந்தத் தீர்ப்பு எனக்கு வேண்டாம்.

போகும்போது, "ஒடம்பு தேறினதும் மே மாசம் மொத திங்கட்கிழமை வா. அட்டை அளவுக்கு வந்துட்டா போதும், பலகை ஒனக்குத்தான்" என்றார். அட்டை அளவுக்கு ஏற வேண்டும், அங்கேயே நின்றுவிட வேண்டும். டாக்டரம்மா சொல்லும் எடை அதைத் தாண்டிப் போகிறது.

உங்களிடம் மறைக்கவில்லை. கோபம் ஒரு பக்கம் இருக்கட்டும். எனக்கு அந்தப் பலகை பிடிக்கும். அந்தத் திங்கட்கிழமை போய் நின்று கையைத் தூக்கிக் காட்டுவேனோ என்று எனக்கே என் மேல் நம்பிக்கை இல்லை. நின்றுவிட்டால் மறுபடி இங்கேதான் வருவேன், அல்லது இங்கேகூட வர மாட்டேன்.

உங்கள் நாத்தனார்

*

ஏப்ரல் 21

கண்ணு,

போ என்றும் சொல்ல மாட்டேன், போகாதே என்றும் சொல்ல மாட்டேன். சொன்னால் நீ அதற்கு நேர் எதிராகச் செய்வாய், உன் குலமே அப்படி. உன் அண்ணனிடம் பதினைந்து வருடமாகப் பார்க்கிறேன்.

என் கதையைச் சொல்கிறேன். என்னை இந்தத் தெருவில் "குண்டு டெய்லர்" என்றுதான் அடையாளம் சொல்வார்கள். நேராப் போய் மெடிக்கல் ஷாப்புக்கு எதிர்ல, குண்டு டெய்லர். ஆரம்பத்தில் காதில் விழும்போதெல்லாம் சுருக்கென்று குத்தும். பிறகு ஒருநாள் போர்டு எழுதுகிறவனைக் கூப்பிட்டுக் கடைக்கு அதையே பெயராக எழுதச் சொன்னேன். உன் அண்ணன் இரண்டு நாள் கடைப் பக்கமே வரவில்லை. இப்போது என்னிடம் வருகிற பெண்கள் அளவு கொடுக்கும்போது மூச்சை இழுத்துப் பிடிப்பதில்லை. என்னைப் பார்த்ததுமே விட்டுவிடுகிறார்கள்.

நீ எழுதிய அந்தக் கேள்வி எனக்குத் தூக்கம் வராமல் செய்தது. நானும்தானே டேப்பைப் பார்க்கச் சொன்னேன். உன்னைக் காப்பாற்ற எனக்குக் கிடைத்த ஒரே வழி, நீ பெருக்கவில்லை என்று நிரூபிப்பதுதான். அப்படியே பழகிக் கிடக்கிறோம். நீ கேட்டதை எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. அதனால் இதில் உனக்குப் புத்தி சொல்லும் தகுதி எனக்கு இல்லை.

செல்லம் உன் பேச்சை எடுத்தாள். "அத்தை குண்டாயிட்டா அவங்கள மீடியம்னு கூப்பிட மாட்டாங்களா?" என்று கேட்டாள். தெரியாது என்றேன். "அப்ப என்னன்னு கூப்பிடுவாங்க?" என்றாள். அது அத்தை முடிவு பண்ண வேண்டியது என்று சொல்லியிருக்கிறேன்.

எந்த முடிவானாலும் எழுது.

அண்ணி

*

மே 6

அண்ணி,

திங்கட்கிழமை போனேன்.

கம்பெனிக்குள் நுழையும்போது கால் தானாகவே சாம்பிள் அறைக்குத் திரும்பியது. பலகையைப் பார்த்ததும் வயிறு தானாக உள்ளே போயிற்று. டாக்டரம்மா ஏற்றிய எடை, நர்ஸ் பின்னி முடித்த ஸ்வெட்டர் எல்லாம் ஒரு நிமிடத்தில் வீணாகிவிடும் என்று தெரிந்தது. ஆனாலும் ஏறி நின்றேன். மாஸ்டர் ஒரு புது மேல்சட்டையைப் போட்டுவிட்டார். மார்புக்குக் கீழே பொத்தான் எட்டவில்லை.

மேடம் டேப்பை எடுத்தார். "கையத் தூக்கும்மா."

நான் தூக்கவில்லை. "அளக்க வேண்டாம் மேடம். துணி பத்தல. துணிய மாத்துங்க" என்றேன்.

"அட்டை அளவுன்னு ஒண்ணு இருக்குல்ல?"

"இருக்கட்டும். அட்டைக்குப் போட்டு விடுங்க."

மாஸ்டர் குனிந்துகொண்டு குண்டூசி தேடுகிற மாதிரி நடித்தார், அண்ணன் ஜாதி. மேடம் தாழ்ந்த குரலில், "ஒனக்காக எவ்வளவு பேசி வெச்சிருக்கேன் தெரியுமா? அளக்க விடலைன்னா நான் ஒண்ணும் பண்ண முடியாது. மெஷினுக்குத்தான் போகணும்" என்றார். பொய் சொல்லவில்லை, அந்த நொடியில் கையைத் தூக்கிவிடலாம் என்றுதான் இருந்தது. சட்டையைக் கழற்றி மாஸ்டர் கையில் கொடுத்தேன். இறங்கினேன். என் பழைய மெஷினில் வேறொருத்தி இருந்தாள். கடைசி வரிசையில் ஒன்று காலியாக இருந்தது, அதில் உட்கார்ந்தேன்.

டீ நேரத்தில் பெண்கள் என்னைச் சுற்றி வந்துவிட்டார்கள். ஆஸ்பத்திரி என்றார்கள், என்ன வியாதி என்றார்கள். சொன்னேன். பழைய டேப், புது டேப், எல்லாருக்கும் தெரிந்திருந்தது, என் மேல் மட்டும் சந்தேகம் வந்தது, எல்லாவற்றையும் சொன்னேன். மடித்த காகிதங்களைப் பற்றியும் சொன்னேன். துணி ஓரம் அடிக்கிற ஓவர்லாக் மெஷின்காரி டீயைக் கீழே வைத்துவிட்டு, "நானும் அப்படிப் பண்ணியிருக்கேன்" என்றாள். அதற்குமேல் யாரும் ஆறுதல் எல்லாம் சொல்லவில்லை. மணி அடித்தது, போய்விட்டார்கள்.

மதியத்துக்கு முன்னால் மேடம் அட்டையும் டேப்புமாக வரிசைக்குள் வந்தார், அன்று என்னைக் கண்டுபிடித்த மாதிரியே. முதலில் ஓவர்லாக்காரியிடம். "எந்திரி, ஒரு நிமிஷம் அளந்து பாக்கறேன்." அவள் மெஷினை நிறுத்தவே இல்லை. "எனக்கு வேண்டாம் மேடம்." அடுத்தவளிடம் போனார். "நேத்துதான் வயிறு முட்டச் சாப்ட்டேன் மேடம், ஒங்க டேப் தாங்காது." சிரிப்பு கிளம்பியது. அதற்கடுத்தவள் தலையை மட்டும் ஆட்டினாள். வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகாத ஒரு பெண் இருக்கிறாள், கொடி மாதிரி உடம்பு. மேடம் அவளிடம் போய் நின்றபோது மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. அந்தப் பெண் எழுந்துவிட்டாள். அவள் கைகளை உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டு, பயந்த குரலில்தான் கேட்டாள். "அப்புறம் ஒருநாள் கூடிடுச்சுன்னா என்ன சொல்லுவீங்க மேடம்?"

மேடம் டேப்பைச் சுருட்டினார். எங்கள் எல்லோரையும் ஒருமுறை பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்ததா, வேறேதாவது இருந்ததா என்று எனக்குப் புரியவில்லை. அவருக்கும் ஓர் இடுப்பு இருக்கிறது, அவரும் மத்தியானம் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. திரும்பிப் போய்விட்டார். சாம்பிள் அறைக்குத் துணி மாட்டிப் பார்க்க ஒரு பொம்மை வாங்கப் போகிறார்களாம். வாங்கட்டும், அதற்கு வயிறு இல்லை. நாளைக்கே எங்களில் யாராவது சம்மதிக்கலாம், என்னை வேலையை விட்டே அனுப்பலாம். எதற்கும் உத்தரவாதம் இல்லை.

செல்லத்திடம் சொல்லுங்கள், இப்போதைக்கு என்னைக் கடைசி வரிசை அக்கா என்று கூப்பிடுகிறார்கள். அன்று நான் பிடுங்கி வைத்த கரண்டியைப் பற்றி அவளிடம் நேரில் பேச வருகிறேன். அடுத்த மாதம் வரட்டுமா?

அன்று மதியம் கேன்டீனில் ஓவர்லாக்காரியும் நானும் எதிரெதிரே உட்கார்ந்தோம். இரண்டு பேருமே தட்டைப் பார்த்துக்கொண்டு வெகு நேரம் இருந்தோம். பிறகு நான் ஆரம்பித்தேன். பாதித் தட்டு முடித்தேன். பசி இல்லை அண்ணி, ஒரு வாய்க்குக்கூடப் பசி இல்லை, முழுக்க முழுக்கக் கோபத்தில் சாப்பிட்டேன். நேற்று டாக்டரம்மாவிடம் போனபோது, கோபத்தில் சாப்பிட்டால் அது கணக்கில் வருமா என்று கேட்டேன். தாராளமாக வரும் என்றார்.

அப்படியானால் கவலையை விடுங்கள். என்னிடம் கோபம் இன்னும் பல வருடத்துக்கு இருக்கிறது.

உங்கள் நாத்தனார்